தட்டில் மீன் இருந்த இடம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: அசைவத்தை விட்டுவிட்டேன், உடம்பு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன். நானும் பிறப்பால் சைவம் இல்லை, பதினைந்து வருடத்துக்கு முன்னால் நிறுத்தியவள். அடிபட்ட அனுபவம் கொஞ்சம் கைவசம் இருக்கிறது.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34, எடை 72 கிலோ. தாராவியில் இருக்கிறோம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போன புரட்டாசியில் விரதமாக ஆரம்பித்தது, மனசுக்குப் பிடித்துப்போய் அப்படியே தொடர்கிறேன். எட்டு மாதம் ஆகிறது. சைவத்துக்கு மாறினால் உடம்பு லேசாகும் என்றார்கள், எனக்கு ஐந்து கிலோ ஏறிவிட்டது. சாயங்காலம் லோக்கல் ட்ரெயினில் நின்றபடியே தூங்குகிறேன். காலையில் ஸ்டேஷன் வாசலில் இரண்டு வடா பாவ், மதியம் வீட்டு டப்பாவில் சாதம் உருளைக்கிழங்கு, நாலு மணிக்கு டீ பிஸ்கட், இரவு சாம்பார் சாதம் அப்பளம். எங்கே தப்பு?

தம்பி, கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சைவத்துக்கு மாறவில்லை. தட்டிலிருந்து மீனையும் முட்டையையும் எடுத்துவிட்டு மிச்சம் இருந்ததையே கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான். மீன் இருந்த இடத்தில் இப்போது உருளைக்கிழங்கு உட்கார்ந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டு உணவியல் நிறுவனம், ஹைதராபாத்தில் இருக்கிறதே அதுதான், 2020-ல் சொன்ன கணக்குப்படி ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்கள் 72 கிலோவுக்கு அறுபது கிராம். முன்பெல்லாம் நாளுக்கு இரண்டு முட்டையும் இரண்டு துண்டு மீனும் சாப்பிட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டால், முட்டையில் பன்னிரண்டு, மீனில் பதினெட்டு என்று முப்பது கிராம் அதிலேயே வந்திருக்கும். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்தது. இப்போது அந்த முப்பதுக்குப் பதிலாக என்ன வருகிறது?

சாம்பார் இருக்கிறதே என்பீர்கள். இன்று இரவு வீட்டில் பருப்பு போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நாலு பேருக்கு ஒரு சின்ன டம்ளர், நூறு கிராம் இருந்தால் பெரிது. நூறு கிராம் துவரம்பருப்பில் இருபத்திரண்டு கிராம் புரதம். நாலால் வகுத்தால் ஆளுக்கு ஐந்தரை, அதாவது ஒரு முட்டைக்கும் கொஞ்சம் கம்மி. நீங்கள் ஊற்றிக்கொள்வது பெரும்பாலும் மேல் தண்ணீர் என்றால் அதுவும் கிடையாது. நம் வீட்டு சாம்பார் நல்ல குழம்பு, ஆனால் அதைப் பருப்பு உணவு என்று சொல்லிக்கொள்வது நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வது. ஊரில் அது மீனோடும் கோழியோடும் பக்கத்துணையாக வந்தது, தனியாக ஒரு ஆளைத் தாங்கச் செய்தது இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சைவமாக இருக்கும் வீடுகளில் பாருங்கள், சாம்பாரோடு கூட்டு இருக்கும், சில நாள் பருப்பு உசிலி இருக்கும், கடைசியில் தயிர், சாயங்காலம் சுண்டல். சாம்பாரை மட்டும் நம்பி அவர்களும் இருப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம். வடா பாவை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்குங்கள். மைதா, உருளைக்கிழங்கு, எண்ணெய், அந்த ஐந்து கிலோவின் விலாசம் அதுதான். (எனக்கும் பிடிக்கும். அதுவும் மழையில் நனைந்துகொண்டு. அதனால்தான் ஒரு நாள் விட்டேன்.) காலையில் பச்சைப்பயறை ஊறவைத்து அரைத்து இரண்டு தோசை, அல்லது அடை. ஐம்பது கிராம் பயறில் பன்னிரண்டு கிராம் புரதம் வந்துவிடும். அதற்கு நேரமில்லை என்றால், கடையிலேயே சாப்பிடுவது என்று ஆகிவிட்டால், அதே ஸ்டேஷன் பக்கம் மிசல் கிடைக்கும். முளைகட்டிய மட்கிப் பயறு போட்ட உசல், அதைக் கேளுங்கள், பாவ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே தூவும் ஃபர்சாண் என்கிற மிக்சரைக் கம்மியாகப் போடச் சொல்லுங்கள். இந்த ஊர்க்காரர்கள் பயறு விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மட்கி, மசூர், வால் (நம் மொச்சை) என்று தினம் ஒன்றை முளைகட்டிக் குழம்பாக்கிவிடுவார்கள். நாம் இத்தனை வருடம் இங்கே இருந்தும் வடா பாவை மட்டும் கற்றுக்கொண்டோம்.

மதிய டப்பாவில் உருளைக்கிழங்குக்குப் பதில் கொண்டைக்கடலையோ காராமணியோ. சாம்பாரில் பருப்பை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள், வீட்டில் திட்டினால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒரு கிண்ணம் தயிர். நாலு மணிக்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதிலேயே ஏழெட்டு கிராம் இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்தால் உங்கள் அறுபது தாராளமாக வந்துவிடும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது, இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் போதும், ஒரே வேளையில் போக வேண்டும் என்றுகூட இல்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆரம்பித்துவிட்டு வயிறு உப்புசம் என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயம், பூண்டு போட்டு, முதல் வாரம் அரை அளவு, அப்புறம் முழு அளவு. சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம், அவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவுதான். இரண்டு மாதம் இப்படிச் சாப்பிட்டும் ட்ரெயினில் தூக்கம் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்லாச் சோர்வும் சாப்பாட்டால் வருவது இல்லை.

கேள்வி: செம்பூரிலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாவது படிக்கும் என் மகள் கோழிக்கடையில் கூண்டைப் பார்த்துவிட்டு வந்து இனி கறி தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முட்டையும் வேண்டாமாம், பால் குடிப்பாள். மாமியார் முடி கொட்டிவிடும், ரத்தம் வற்றிவிடும் என்று தினமும் என்னைப் பிடுங்குகிறார். கீரை கொடுத்தால் போதுமா?

முதலில் மகளை விட்டுவிடுங்கள், அவள் யோசித்துத்தான் எடுத்திருக்கிறாள். சோற்றுக்குள் முட்டையை மறைத்து வைக்கும் வேலை வேண்டாம். ஒரு தடவை கண்டுபிடித்தால் உங்கள் கையால் எதுவுமே சாப்பிடமாட்டாள்.

மாமியார் பயப்படுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து என்றால் பெண்ணுக்கு 29. மாதாமாதம் போகிற ரத்தத்துக்கு ஈடு கட்ட வேண்டுமே. கறியில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும், பயறு, கீரை, தானியத்தில் இருப்பதை அப்படி எடுத்துக்கொள்ளாது. கீரையைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பக்தியே இருக்கிறது, நல்லதுதான், ஆனால் பசலை மாதிரிக் கீரைகளில் உள்ள ஆக்சலேட் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீரையும் இருக்கட்டும், கறுப்புக் கொண்டைக்கடலை, எள், கம்பு, ராஜ்மா எல்லாம் சுற்றில் வரட்டும். பேரீச்சம்பழத்தை மட்டும் நம்பாதீர்கள், அதில் இரும்பைவிடச் சர்க்கரைதான் அதிகம்.

சாப்பாட்டை மாற்றுவதைவிட முக்கியம் சாப்பாட்டோடு எது போகிறது என்பது. சுண்டல் மேல் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால், அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கடித்தால், அந்த வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் டீ அதைத் தடுத்துவிடும். உங்கள் வீட்டில் டிபனும் டீயும் சேர்ந்துதான் மேஜைக்கு வரும் என்று நான் பந்தயம் கட்டுகிறேன், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

கேழ்வரகை மறந்துவிடாதீர்கள். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், வளருகிற பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும். ராகி தோசை என்றால் முகத்தைச் சுளிப்பாள், உளுந்து கூடச் சேர்த்து மொறுமொறுவென்று வார்த்துக் கொடுத்தால் பேசாமல் தின்பாள். ஹீமோகுளோபின் இப்போது ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பாருங்கள். எண் சரியாக இருந்தால் அந்தக் காகிதத்தை மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: முலுண்டில் இருக்கிறேன், வயது 62. சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின். நான்கு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள், அன்றோடு அசைவம் கட். சில மாதங்களாகப் பாதம் எரிகிறது, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறேன். சர்க்கரையால்தான் என்று சும்மா இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வைட்டமின் பி12 குறைவாக இருக்கும் என்கிறார். தயிர், பழைய சோறு எல்லாம் சாப்பிடுகிறேனே, அதில் பி12 இல்லையா?

ஐயா, இந்தப் பத்தியை அப்புறம் படியுங்கள், முதலில் டாக்டரிடம் போய் பி12 பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரையாலும் பாதம் எரியும், பி12 குறைந்தாலும் எரியும், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். பி12 குறைவால் நரம்பு ரொம்ப நாள் கெட்டுவிட்டால் பிறகு எவ்வளவு ஊசி போட்டாலும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பி12-ஐச் செடி கொடி எதுவும் தயாரிப்பதில்லை. கிருமிகள் தயாரிக்கின்றன, அது ஆடு, மாடு, மீன், முட்டை வழியாக நமக்கு வருகிறது. சைவத்தில் பாலும் தயிரும்தான் வழி. ஒரு நாள் தேவை இரண்டு மைக்ரோகிராமைச் சற்றே தாண்டும், ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. டீயில் கலக்கிற கால் டம்ளர் பாலை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. பழைய சோறு, இட்லி மாவு, ஸ்பைருலினா என்று எதிலெதிலோ பி12 இருப்பதாக வாட்ஸ்அப்பில் வரும். பழைய சோறு வெயிலுக்கு நல்லது, சாப்பிடுங்கள், பி12-க்கு அதை நம்பாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் மூன்று காரணம் ஒன்றுமேல் ஒன்று விழுந்திருக்கிறது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். வயதானால் வயிற்று அமிலம் குறைந்து அதுவும் தடுக்கும், நெஞ்செரிச்சல் மாத்திரையும் தினமும் போடுகிறீர்கள் என்றால் இன்னும் மோசம். மூன்றாவது, அசைவத்தை நிறுத்தியது. நிறுத்தியதும் ஏன் தெரியவில்லை என்றால் ஈரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருக்கும். அது மெல்ல மெல்லக் கரைந்து மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் கணக்கு இடிக்கும், அதற்குள் நமக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருக்கும். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நானேதான். உணவியல் படித்தவள், ஊருக்கெல்லாம் சொல்கிறவள், நானே அசைவம் விட்ட நாலாவது வருடம் மாட்டினேன். நாக்கு வழவழவென்று ஆகி ரசம் பட்டால் எரிந்தது, இரவில் பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி. ஒரு டாக்டரிடம் போனேன், ரத்தசோகை என்று இரும்பும் ஃபோலிக் ஆசிடும் கலந்த டானிக் ஆறு மாதம் கொடுத்தார். ஹீமோகுளோபின் ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம், பாதம் மட்டும் மரத்துக்கொண்டே போனது. அப்புறம் இன்னொரு டாக்டர் பி12 எழுதிக் கொடுத்துப் பார்த்தால், 200-க்குக் கீழே போனாலே குறைவு என்கிற இடத்தில் எனக்கு நூற்றுச் சொச்சம். ஊசி போட்டுச் சரியானது. இடது கால் கட்டைவிரல் மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் மந்தம்.

ஃபோலிக் ஆசிட் செய்கிற வேலை அதுதான். ரத்தத்தைச் சரிசெய்து காட்டிவிட்டு, உள்ளே நரம்பு கெடுவதை மறைத்துவிடும். அந்த ஃபோலிக் ஆசிடின் கதையே நம் மும்பையில் ஆரம்பித்தது தெரியுமா? 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். இங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை, காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அவர் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கிற மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார், தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்த மருந்துப்பொருள் ஃபோலிக் ஆசிட் என்று தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது, 1941-ல் பசலைக் கீரையிலிருந்து பிரித்தார்கள். பி12 கைக்கு வந்தது 1948-ல். இரண்டும் வேறு வேறு என்று அப்போதே தெரிந்தாகிவிட்டது, ஆனாலும் எனக்கு ஆறு மாதம் தப்பு டானிக்.

மாத்திரையா ஊசியா, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். சைவம் சாப்பிடுகிறவன் மாத்திரை போட்டால் அது தோல்வி என்று சிலர் நினைக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது தோல்வியா?

இன்னொன்று. ஸ்டென்ட் வைத்ததால் கறியை விட்டீர்கள், சரி. முலுண்டில் ஃபர்சாண் கடை தெருவுக்கு நாலு. கறியை விட்டுவிட்டு சேவும் காந்தியாவும் தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் இதயத்துக்கு என்ன லாபம்?

கேள்வி: சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஆண்மை போய்விடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். உண்மையா? (அந்தேரி, 23)

போகாது. மீல்மேக்கரை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தாராளமாகச் சாப்பிடலாம். ஐம்பது கிராமில் இருபத்தைந்து கிராம் புரதம், விலையும் பனீரைவிடக் கம்மி. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை நன்றாகப் பிழிந்தால் அந்த மாவு வாடை போய்விடும். ஜிம் நண்பர்கள் அதற்குப் பதிலாக எந்த டப்பாவை வாங்கச் சொன்னார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் சைவத்துக்கு மாறி ஒரு வருடம். உடம்பு நன்றாக இருக்கிறது. ஆனால் கருவாட்டுக் குழம்பு வாசனை மட்டும் கனவில் வருகிறது. நாங்கள் இப்போது குடியிருப்பது சைவர்களுக்கு மட்டும் என்ற சொசைட்டி வேறு. இதற்கு மருந்து உண்டா? (காட்கோபர்)

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு வருடத்தில் கனவோடு நின்றுவிட்டதே, பெரிய விஷயம். எங்கள் பக்கத்து மராட்டி வீட்டில் ஷ்ராவண மாதம் பிறப்பதற்கு முதல் நாள், கட்டாரி அமாவாசை என்று, ஒரு மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் தின்று தீர்ப்பார்கள். நம் ஆட்கள் புரட்டாசி முடிந்த மறுநாள் கடையில் வரிசையில் நிற்பார்கள். அதெல்லாம் மனித சுபாவம். ஊருக்குப் போகும்போது அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் இஷ்டம்.

நாக்கு தேடுவது கருவாட்டை அல்ல என்பது என் அனுபவம். உப்பும் புளிப்பும் அந்த ஆழமான வாடையும்தான். மாட்டுங்கா மார்க்கெட்டில் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் இரண்டும் கிடைக்கும். நல்லெண்ணெயைக் காயவைத்து சுண்டைக்காயைக் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வரை வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள், அதே எண்ணெயில் வெந்தயம், இருபது பல் பூண்டு, சின்ன வெங்காயம், ஒரு கத்தரிக்காயை நாலாகப் பிளந்து, புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி எண்ணெய் பிரிகிற வரை சுண்டவிடுங்கள். வறுத்த சுண்டைக்காயைக் கடைசியில் போட்டு, அன்றைக்குத் தொடாமல் மறுநாள் சாப்பிடுங்கள்.

வறுக்கும்போது சன்னலைத் திறந்து வைக்காதீர்கள். நான் திறந்து வைத்துவிட்டு, சொசைட்டி செக்ரட்டரி வந்து மணி அடித்து, கடாயைக் காட்டி நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. போகும்போது ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார்.